கேள்வி பதில்: ஒரே வாய்க்காலில் பிறந்த சொல்

கேள்வி: எங்கள் ரியூசன் ஆசிரியர் ஒரு விளக்கம் சொன்னார். 'ரைவல்' என்ற ஆங்கிலச் சொல் 'ரிவர்' என்பதிலிருந்து வந்ததாம். ஆற்றின் இந்தக் கரையில் இருப்பவனும் அந்தக் கரையில் இருப்பவனும் ஒருவரை ஒருவர் எதிரியாகப் பார்த்ததால்தான் எதிரிக்கு அந்தப் பெயர் வந்ததாம். உண்மையா?
(உயர்தர மாணவி, பரந்தன்)

பதில்: பாதி சரி, பிள்ளை. மற்றப் பாதியில்தான் விசயமே இருக்கிறது. இந்தக் கேள்வி பரந்தனிலிருந்து வந்ததில் எனக்குப் பெரிய சந்தோசம், ஏனென்றால் இந்தச் சொல்லை இலண்டனில் இருப்பவரை விட இரணைமடுக் குளத்துத் தண்ணியில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை கெதியாக விளங்கிக்கொள்ளும்.

'ரைவல்' தண்ணீரில் பிறந்த சொல் என்பது சரி. ஆனால் ஆற்றில் பிறக்கவில்லை. இலத்தீனில் 'ரீவுஸ்' என்று ஒரு சொல் உண்டு. சிற்றோடைக்கும் அதுதான், வெட்டிய வாய்க்காலுக்கும் அதுதான். அதிலிருந்து 'ரீவாலிஸ்' வந்தது, பன்மையில் 'ரீவாலேஸ்'. ஒரே வாய்க்காலில் தண்ணி எடுக்கிறவர்கள் என்று பொருள். எதிர்க்கரை, மறுகரை என்ற பேச்சே அதில் கிடையாது. ஒரு வாய்க்காலில் மேலே ஒருவருக்குக் காணி, அதற்குக் கீழே இன்னொருவருக்கு, அதற்கும் கீழே மூன்றாமவருக்கு. அவ்வளவு பேரும் ஒருவருக்கொருவர் ரீவாலேஸ்.

இது நான் ஊகித்துச் சொல்வதில்லை. உல்பியன் என்று ஒரு பெரிய ரோமச் சட்ட அறிஞர் இருந்தார், இன்றைய லெபனானில் உள்ள தீர் நகரத்தவர், கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். அவருடைய எழுத்தில் இன்று எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி, ஜஸ்டினியன் பேரரசர் 533இல் வெளியிட்ட சட்டத் திரட்டுக்குள் போய்ச் சேர்ந்ததால் தப்பியது. அதில் அவர் சொல்வது இதுதான்: ரீவாலேஸ், அதாவது ஒரே வாய்க்காலால் தண்ணீர் கொண்டுபோகிறவர்கள், தண்ணீரைப் பாவிப்பது பற்றிப் பிணக்குப்பட்டு இரண்டு பேருமே "பாவனை என்னுடையது" என்று நின்றால், தடையுத்தரவு கேட்கும் உரிமை இரண்டு பேருக்கும் உண்டு. சொல்லின் பொருளை அவரே விளக்கிவிட்டுத்தான் சட்டத்துக்குப் போகிறார். அவர் காலத்திலேயே சொல் வேறு பக்கம் நகர்ந்துவிட்டதால், பழைய பொருளை நினைவுபடுத்த வேண்டி வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பகுதிக்கு என்ன தலைப்பு தெரியுமா? 'தினசரித் தண்ணீரும் கோடைத் தண்ணீரும்'. முதல்முறை வாசித்தபோது நான் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தில் இருந்தேன். கோடையில் மட்டும் எடுக்கிற தண்ணிக்கு அவர்கள் தனி விதி வைத்திருந்தார்கள். நாங்கள் மாரியை நம்பிக் காலபோகத்தை விதைத்துவிட்டு, குளத்தில் என்ன மிச்சம் என்று பார்த்துச் சிறுபோகத்துக்குக் கூட்டம் கூடுகிறோமே, அதே பிரச்சினை. கோடைத் தண்ணீருக்கான விதி, போன கோடையில் தண்ணீர் எடுத்தவரை இந்தக் கோடையிலும் எடுக்க விடு என்கிறது. ஆனால் மூன்று நிபந்தனை: மற்ற ஆளிடமிருந்து பலவந்தமாக எடுத்திருக்கக்கூடாது, களவாக எடுத்திருக்கக்கூடாது, அவருடைய தயவில் கேட்டு வாங்கியதாகவும் இருக்கக்கூடாது.

இதில் 'களவாக' என்ற சொல் எனக்கு எங்கள் ஐயாவைக் கொண்டுவந்து நிறுத்தும். எங்கள் காணி வாய்க்காலின் கடைசிப் பக்கம். சிறுபோகத்தில் முறைத் தண்ணி எங்களுக்கு வருவது அநேகமாக இரவில்தான். ஐயா ரோச் லைற்றும் மண்வெட்டியுமாக இரவு பத்து மணிக்குப் போவார், நானும் பின்னால் போவேன். மேல் காணிக்குப் போகிற வாயை வைக்கோலும் சேறும் சேர்த்துக் குழைத்து அடைத்துவிட்டு வந்து எங்கள் வரம்பில் குந்தியிருப்போம். தண்ணி வரும், சத்தம் கேட்கும், பிறகு ஒரு மணி நேரத்தில் சத்தம் மெலியும். திரும்பிப் போய் ரோச் அடித்துப் பார்த்தால் அடைப்பில் ஒரு பக்கம் அமிழ்ந்திருக்கும். சேற்றில் ஒரு குதிக்கால் தடம், ஐந்து விரலும் அச்சாக. அந்தக் கால் யாருடையது என்று ஐயாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஐயா ஒன்றும் சொல்லாமல் திரும்ப அடைத்துவிட்டு விடியுமட்டும் அதிலேயே இருந்தார். விடிய அந்த மனிசனே போத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார், ஐயாவும் வாங்கிக் குடித்தார். அடுத்த கிழமை வாய்க்கால் துப்புரவுக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இறங்கினார்கள். ரீவாலேஸ் என்றால் யார் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்ல வருவது அந்த இரண்டு பேரும்தான்.

துப்புரவுக்கும் ரோமச் சட்டத்தில் தனி விதி உண்டு. தண்ணீர் கொண்டுபோவதற்காக ஒருவர் வாய்க்காலைத் திருத்தவோ துப்புரவாக்கவோ போனால் அவரைப் பலவந்தமாகத் தடுக்கக்கூடாது. அந்த இடத்தில் உல்பியன் 'ரீவுஸ்' என்றால் என்ன என்றும் சொல்கிறார்: நீளத்துக்குத் தாழ்ந்து, தண்ணீர் ஓடுகிற இடம். அதோடு நிற்காமல், கிரேக்கத்தில் 'பாய்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து இது வந்தது என்றும் எழுதிவிட்டார். இன்றைய மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை, இரண்டுக்கும் வேர் வேறு. பார்த்தாயா, அவ்வளவு பெரிய அறிஞருக்கே ஒலி ஒற்றுமை கண்ணைக் கட்டியிருக்கிறது. ஆகவே உன் ஆசிரியரைக் குறை சொல்லாதே. 'ரிவர்', 'ரைவல்' இரண்டையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். 'ரிவர்' வந்த வழி வேறு. இலத்தீனில் 'ரீபா' என்றால் கரை. கரையோர நிலத்தைக் குறித்த 'ரிபாரியா' என்ற சொல் பிரெஞ்சு வழியாக உருமாறி, கரையை விட்டு ஆற்றுக்கே பெயராகிப்போனது.

சரி, வாய்க்கால் பங்காளி எப்படி எதிரியானான்? அதற்கு அதிக காலம் எடுக்கவில்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்துபோன புளோட்டஸ் என்ற நகைச்சுவை நாடகக்காரரிடமே, ஒரே பெண்ணை விரும்புகிற இரண்டு ஆண்களுக்கு இந்தச் சொல் வந்துவிட்டது. ஒரே தண்ணிக்கு இரண்டு பேர் என்பது ஒரே ஆளுக்கு இரண்டு பேர் என்றானது. காதலுக்குப் போனதும் விட்டுக்கொடுப்பது, முறை வைப்பது எல்லாம் போய்ப் போட்டி மட்டும் மிஞ்சியது. ஆங்கிலம் 1570களில் இதை எடுத்துக்கொண்டபோது வந்ததும் அந்தப் போட்டிப் பொருள்தான்.

ஆனாலும் பழைய பொருள் ஒரு இடத்தில் எட்டிப் பார்க்கிறது. உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் எடுப்பவர்கள் கவனியுங்கள். சேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் 1600 வாக்கில் எழுதப்பட்டது. முதல் காட்சியில் நள்ளிரவு, கோட்டையில் காவல் மாறுகிறது. புதிதாகக் காவலுக்கு வந்தவன், போகிறவனிடம், வழியில் என் காவலின் 'ரைவல்ஸ்' இரண்டு பேரைக் கண்டால் கெதியாக வரச் சொல்லு என்கிறான். எதிரிகளையா வரச் சொல்கிறான்? இல்லை, தன்னோடு காவலைப் பங்கு போடப்போகும் கூட்டாளிகளை. இந்த இடத்தில் 'போட்டியாளர்' என்று எழுதினால் புள்ளி போய்விடும், கவனம்.

ரோமர் முறைத் தண்ணியை எப்படிப் பங்கிட்டார்கள் என்பதற்கு ஒரு கல்வெட்டே இருக்கிறது. இன்றைய அல்ஜீரியாவில் லாமஸ்பா என்ற பழைய ஊரில் கிடைத்தது, கி.பி. 220 வாக்கில் வெட்டியது. ஆளின் பெயர், அவருடைய காணியின் அளவு, எத்தனை மணிக்குத் தண்ணி தொடங்கும், எத்தனை மணிக்கு நிற்கும் என்று வரிசை வரிசையாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மழை குறைந்த இடம், வெயில் கூடிய இடம். கல்லில் வெட்டுமளவுக்குப் போயிருக்கிறார்கள் என்றால் அதற்கு முன்னால் எத்தனை குதிக்கால் தடங்களைக் கண்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

எங்களுக்குக் கல் இல்லை, கூட்டம் இருக்கிறது. 1902இல் கட்டத் தொடங்கிய இரணைமடு, கனகராயன் ஆற்றை மறித்த குளம். இரணை என்றால் இரட்டை, மடு என்றால் ஆழமான நீர்நிலை, பெயரிலேயே இரண்டு பள்ளம் சேர்ந்த கதை கிடக்கிறது. அதன் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களில் தொங்கிக்கொண்டிருப்பது சுமார் 21,000 ஏக்கர் வயல். சிறுபோகத்துக்கு அவ்வளவுக்கும் தண்ணி காணாது. ஆகவே கமக்கார அமைப்புகளும் அதிகாரிகளும் இருந்து, குளத்தில் இத்தனை அடி நிற்கிறது, இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம், யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்மானிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் சத்தம் போடாதவர் கிடையாது. அதே தண்ணியைக் குடிநீராக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்ததும், பிறகு தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் வழிக்குப் போனதும் உனக்கும் தெரியும். அதில் யார் சரி என்று இந்தப் பக்கத்தில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பழைய இலத்தீன்காரர் ஒருவர் வந்து பார்த்தால், யாழ்ப்பாணத்தாருக்கும் கிளிநொச்சியாருக்கும் என்ன உறவு என்று கேட்காமலே ஒரே சொல்லில் சொல்லியிருப்பார்.

இன்னொன்று, இதை விட்டால் மனம் கேளாது. ஒரு சொல் இன்னொன்றிலிருந்து 'வந்தது' என்பதற்கு ஆங்கிலத்தில் 'டிறைவ்' என்பார்கள், கணிதத்தில் ஒரு சூத்திரத்தைப் பெறுவதற்கும் அதுதான், டெரிவேசன் என்று கேள்விப்பட்டிருப்பாய். அதுவும் 'ரீவுஸ்' குடும்பம். இலத்தீனில் 'தேரிவாரே' என்றால் ஓடையிலிருந்து தண்ணீரைப் பிரித்து வேறு பக்கம் கொண்டுபோவது. துருசைத் திறந்து வாய்க்காலுக்கு விடுகிறோமே, அந்த வேலைதான். ஆக, ரைவலின் வேரைத் தேடிப் போன நீ செய்ததும் வாய்க்கால் வேலைதான்.

கேள்வி: (இதே மாணவி) அப்படியானால் 'அரைவ்' என்ற சொல்லுக்குள் இருப்பதும் வாய்க்காலா?

பதில்: இல்லை, அது கரை. மேலே சொன்ன 'ரீபா'தான். கரைக்கு வருதல் என்பதே முதல் பொருள். வள்ளம் கரை தட்டினால்தான் 'அரைவ்'. பிறகு பஸ்ஸில் வந்தாலும் அதுவே ஆகிவிட்டது. படித்து முடித்த பிள்ளையை, கல்யாணம் முடித்த பெண்ணைக் 'கரை சேர்ந்தாச்சு' என்று நாங்கள் சொல்கிறோமே, முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்று அதைச் சொல்லிப் பார், இரண்டு மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

கேள்வி: பத்திரிகையில் 'பங்காளிக் கட்சி' என்றால் கூட்டாளி. ஊரில் 'பங்காளிச் சண்டை' என்றால் வெட்டுக்குத்து. ஒரே சொல் எப்படி இரண்டுக்கும் நிற்கிறது?
(ஆசிரியர், வவுனியா)

பதில்: ஐயா, நீங்கள் கேட்டது முதல் கேள்விக்குத் தமிழ்ப் பதில். பங்கு உள்ளவர் பங்காளி. பங்கு உள்ளவரோடுதான் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், பங்கு உள்ளவரோடுதான் வழக்கும் வரும். ஒரு தகப்பன் விட்டுப்போன காணிக்கு நான்கு பிள்ளைகள் என்றால், நாலு வீடு தள்ளி இருக்கிறவன் வந்து சண்டை பிடிக்கப்போவதில்லையே.

தமிழ் இந்தச் சொல்லின் இரண்டு பக்கத்தையும் இன்றுவரை கையில் வைத்திருக்கிறது, ஆங்கிலம் ஒன்றைக் கைவிட்டுவிட்டது. வடமொழியில் இன்னும் ஒருபடி மேலே போய், தகப்பனின் சகோதரன் மகனைக் குறிக்கும் 'பிராத்ருவ்ய' என்ற சொல்லே வேத காலத்தில் எதிரி என்ற பொருளிலும் நின்றது. பாரதக் கதை தெரிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. இன்னொரு தமிழ்ச் சொல்லையும் பாருங்கள், சக்களத்தி. புளோட்டஸின் நாடகத்தில் ஆண்களுக்கு வந்தது இங்கே பெண்களுக்கு வந்திருக்கிறது, ஒரு கணவனைப் பங்கு போடுகிறவளே போட்டிக்காரி. 'பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டு' என்று ஒரு பழமொழி உண்டு. பனங்காய் வெட்டியவருக்குத் தெரியும், கொஞ்சம் பிந்தினால் நுங்கு கல்லாகிவிடும், முந்தினால் ஒன்றும் இருக்காது. பங்கு பிரிப்பதற்கும் அப்படி ஒரு பதம் இருக்கிறது என்று சொன்னவர், கட்டாயம் காணிப் பிரிவினை ஒன்றைக் கண்ணால் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.

கேள்வி: என் பத்து வயது மகன் ஆங்கிலப் பாடத்தில் 'இரணைமடு டாங்க்' என்று படித்துவிட்டு, குளத்துக்குள் டாங்கி நிற்கிறதா என்று கேட்கிறான். குளத்துக்கு ஏன் அந்தப் பெயர்?
(தந்தை, முள்ளியவளை)

பதில்: உங்கள் மகனின் கேள்வி பகிடி இல்லை, இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சந்தேகம் வரத்தான் வேண்டும்.

முதலில் வந்தது குளம்தான். இந்தப் பக்கத்துக்கு வந்த போர்த்துக்கேயர் குளத்தைத் 'தாங்கே' என்றார்கள், ஆங்கிலேயர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். போர்த்துக்கேயச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். தேங்கிய நீரைக் குறிக்கும் 'ஸ்தாக்னும்' என்ற இலத்தீன் சொல்லின் வழி என்கிறது ஒரு பக்கம். குசராத்தி, மராத்தி மொழிகளில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்கு இருக்கும் 'டாங்கி' போன்ற சொற்களிலிருந்து என்கிறது மற்றப் பக்கம். இரண்டும் கலந்து ஒன்றையொன்று பலப்படுத்தியது என்பவர்களும் உண்டு, எனக்கும் அதுதான் நம்பும்படியாகப் படுகிறது.

யுத்த வாகனத்துக்குப் பெயர் வந்தது மிகப் பிந்தி. முதலாம் உலகப்போரில் பிரித்தானியர் அந்த இரும்பு வாகனத்தை இரகசியமாகச் செய்தபோது, பார்ப்பவர்கள் தண்ணீர் கொண்டுபோகிற தொட்டி என்று நினைக்கட்டும் என்று 1915இன் கடைசியில் வைத்த மறைபெயர் 'டாங்க்'. 1916 செப்டெம்பர் 15இல் பிரான்சில் சொம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கியது, இரகசியம் போனது, பெயர் போகவில்லை. தண்ணீரின் பெயரைப் போர்த்துக்கொண்டு போனது அது.

மகனைக் கிளிநொச்சிப் பக்கம் கூட்டிவந்தால் ஒரு சொல்லின் கதையையே காட்டலாம். இரணைமடு ஒரு டாங்க். யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில் தகர்ந்து ஏ-9 வீதியோரம் சரிந்து கிடந்த அந்தப் பெரிய தண்ணீர்த் தாங்கியும் ஒரு டாங்க். அந்த வீதியால் உருண்டு போனவையும் டாங்க்தான். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல். தமிழில் குளம், தாங்கி, டாங்கி என்று மூன்று. இதில் 'தாங்கி' எனக்கு மிகவும் பிடித்த சொல், சுமைதாங்கியில் இருக்கிற அதே தாங்கி, ஒலியிலும் ஆங்கிலத்தோடு ஒட்டுகிறது, தண்ணியைத் தாங்கி நிற்கிறது என்று பொருளிலும் ஒட்டுகிறது.

கட்டுரை எழுதும்போது 'இரிகேசன் டாங்க்' என்று முழுதாக எழுதப் பழக்குங்கள். இந்த வழக்கு இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வெளியே அதிகம் இல்லாததால், வெளியார் யாராவது வாசித்தால் அவர்களும் உங்கள் மகனைப் போலவே குளத்துக்குள் டாங்கியைத் தேடுவார்கள்.